சிவப்பு நூல் சுற்றிய கொக்கிறகு

மூதூர்
14.05.1979

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் பிள்ளையும் சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். நீங்கள் சுகமா என்று கேட்பதற்கு முன் இது உங்கள் கைக்கு வருமா என்று கேட்க வேண்டியிருக்கிறது. நீங்கள் திருகோணமலைத் துறைமுகத்து ஜெட்டியில் கப்பல் குசினியில் சமைக்கிற வேலைக்கென்று ஏறிப் போய் மூன்றரை வருடம். சிங்கப்பூர் ஏஜென்சி விலாசத்துக்குப் போட்ட கடிதங்களில் நாலு திரும்பி வந்துவிட்டன. மகள் ரபீக்கா இரண்டாம் வகுப்பு. வாப்பாவின் முகம் அவளுக்குப் படத்தில்தான் தெரியும்.

இறகு வேலையை நான் விடவில்லை. உப்புவெளியில் வெள்ளைக்காரர் தங்கும் விடுதிக்கு விசிறியும் பூவும் செய்து கொடுக்கிறேன். விடிந்ததும் களப்புக் கரையோரத்து மரங்களுக்குக் கீழே கொக்கு உதிர்த்ததைப் பொறுக்கி, சவர்க்காரத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, அடியிலிருந்து நுனிக்கு விரலால் நீவி எடுப்பேன். பக்கத்து வீட்டு பரீதா சும்மா இருப்பாளா? செத்த பறவையின் இறகு கிடக்கிற வீட்டில் தொழுகை கூடாது என்று ஊரெல்லாம் கதை பரப்பினாள். பள்ளி லெப்பையிடம் போய்க் கேட்டேன். உயிரோடிருக்கும் கொக்கு உதிர்த்தது சுத்தம், செத்ததில் பிடுங்கினதுதான் ஆகாது என்றார். கிடக்கிற இறகைப் பார்த்து, கொக்கு உயிரோடு இருக்கிறதா செத்துவிட்டதா என்று எப்படித் தெரியும் என்றேன். சந்தேகமென்றால் உயிருள்ளதின் இறகு என்றே எடுத்துக்கொள் என்றார். வீட்டுக்கு வந்து அழுதேன். ஏனென்று பரீதாவுக்கு விளங்கவில்லை.

ஒவ்வொரு கடிதத்திலும் ஓர் இறகு வைத்தேன், அடியில் சிவப்பு நூல் சுற்றி. திரும்பி வந்த நாலில் மூன்றில் இறகு வைத்தபடியே இருந்தது. நாலாவது, பெப்ரவரியில், உறை வாய் திறந்து, இறகில்லாமல் வந்தது. என் மனிசன் திறந்து படித்திருக்கிறார், இறகை எடுத்துக்கொண்டு கடிதத்தை ரோசத்தில் திருப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். கோபமென்றாலும் உயிரோடு இருக்கிறீர்களே! பள்ளிக்கு நேர்ச்சை கொடுத்தேன்.

என் கூடப்பிறந்த முத்தலிப் நானா ஒரு வருடமாக நச்சரிக்கிறார். காதியாரிடம் போய் உங்களோடு விவாகத்தை அறுத்துக்கொள்ளட்டாம், கிண்ணியாவில் தாரமிழந்த ஒருவர் கேட்கிறாராம். இறகுக் கதையைச் சொல்ல எனக்கு வெட்கம். அவர் இருக்கிறார், எனக்குத் தெரியும், ஏலாது என்று மட்டும் சொல்லிவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை நானாவின் கடைக்குப் போனேன். கதிரையில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, இறகால் காது குடைந்துகொண்டிருந்தார். அடியில் சிவப்பு நூல். என் முடிச்சு எனக்குத் தெரியாதா? கேட்டேன். ஓம், தபால்காரர் கடையில் தந்த உறையின் பசை விட்டிருந்தது, உள்ளே நல்ல இறகாகக் கிடந்தது, எடுத்தனான், வேணுமெண்டால் இந்தா என்று நீட்டினார். பிழை செய்த முகமே இல்லை. அவரோடு கோபிக்கவும் எனக்கு ஏலவில்லை. மூன்று மாதமாக என் நம்பிக்கை நானாவின் காதுக்குள் கிடந்திருக்கிறது.

நோன்புப் பெருநாள் முடிந்ததும் காதியார் முன் நிற்க வேண்டும். நீங்கள் இருக்கிறீர்கள் என்று காட்ட இனி என்னிடம் ஓர் அத்தாட்சியும் இல்லை. நானா சொல்வதும் பிழையில்லை. குருவித் தலையில் பனங்காயை எத்தனை நாளைக்கு வைப்பது?

இந்த உறையைச் சோற்றுப் பசையால் இரண்டு தரம் ஒட்டியிருக்கிறேன். தானாக விடாது. இறகும் இருக்கிறது. பதில் எழுத வேண்டாம். உறையைக் கிழித்து, இறகை எடுத்துக்கொண்டு, திருப்பிப் போடுங்கள். அங்கே வேறொருத்தி இருந்தால் அவள் கையால் கிழிக்கட்டும். கிழிந்து வந்தால் நான் காதியாரிடம் போகமாட்டேன்.

ரபீக்கா ஸலாம் சொன்னாள். எங்கே என்றாலும், யாரோடு என்றாலும், அல்லாஹ் உங்களை உயிரோடு வைத்திருக்கட்டும்.

வஸ்ஸலாம்.

பெருநாள் வரைக்கும் உங்கள் மனைவி,
ஸல்ஹா