நீ விட்டுவிடாத பெயர்

என் காதுக்குள் இன்னும் பெயர் வாசித்துக்கொண்டிருக்கும் மெகருக்கு,

இன்று காலை எழுந்ததும் பல்கூடத் துலக்கவில்லை. அலமாரியின் மேல் தட்டில், புடவைகளுக்கு அடியில் ஆறு வருடமாகக் கிடந்த சிடியை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டேன். இத்தனை வருடம் கழித்து எங்கே திறக்கப்போகிறது என்று நினைத்தேன். திறக்கக்கூடாது என்றும் ஆசைப்பட்டேன். திறந்துவிட்டது. நீ டைப் செய்த ஃபைல், நீ அடித்தபடியே அதில் இருக்கிறது. நாற்பத்திரண்டாவது வரி: வி. பரமேஸ்வரி, கிள்ளை.

நீ அந்தப் பெயரை விட்டுவிடவில்லை மெகர். இதைச் சொல்ல எனக்கு ஆறு வருடம் ஆகியிருக்கிறது. நீ போயே நாலு மாதம் ஆகிவிட்டது.

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள். 2006இல் நீயும் நானும் சிதம்பரத்தில் ஒரு மாடி கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தோம். நீ பரங்கிப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவாய், நான் கடலூரிலிருந்து. மற்ற எல்லாருக்கும் இருபது, இருபத்திரண்டு வயது. நமக்கு முப்பத்தைந்து தாண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகள் நம்மை 'ஆயா டிபார்ட்மென்ட்' என்பார்கள். "டிபார்ட்மென்ட்னாவது சொன்னானுங்களே, அது வரைக்கும் மரியாதைதான்" என்று நீ டைப் அடித்துக்கொண்டே சொல்வாய்.

நீ டைப் செய்வாய். நான் பிஎச்பி என்ற கம்ப்யூட்டர் மொழியில் கோடிங் எழுதி வெப்சைட்டில் ஏற்றுவேன். அதில் என்னதான் நடக்கிறது என்று ஒருநாள் கேட்டாய். நீளமாக வருகிற எழுத்துச் சரத்தைக் கமா இருக்கிற இடத்தில் துண்டாக்குவேன், முனையில் ஒட்டியிருக்கும் காலி இடத்தைச் சீவிவிடுவேன், இரண்டு முறை வந்ததில் ஒன்றை எடுத்துவிடுவேன், மீதியை வரிசையாக அடுக்கி, எண் போட்டு மறுபடி ஒட்டுவேன் என்றேன். "அட, கறிகாய் நறுக்குற வேலதானா. இதுக்கா உனக்கு என்னவிட ஜாஸ்தி சம்பளம்?" என்றாய். உன் முறுக்கு டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டுத்தான் கேட்டாய்.

அந்த வருடம் ஒரு நர்சிங் பயிற்சி நிறுவனம், தேர்வானவர்களின் பட்டியலை வெப்சைட்டில் போடும் வேலையை நம் சென்டருக்குக் கொடுத்தது. தபால் அனுப்பும் வழக்கத்தை அவர்கள் நிறுத்தியிருந்தார்கள். பட்டியலில் பெயரைப் பார்த்துவிட்டு, சொன்ன தேதியில் சான்றிதழோடு வந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

நமக்கு வந்தது இரண்டு தாள். ஒன்று முதல் பட்டியல், இன்னொன்று திருத்திய பட்டியல். பாதிப் பெயர்கள் இரண்டிலும் இருந்தன. இரண்டையும் டைப் செய்தாய். பிறகு வழக்கம்போல ஒத்துப்பார்த்தோம். நீ தாளில் ஸ்கேலை வைத்து ஒவ்வொரு பெயராக வாசிப்பாய், நான் திரையில் பார்த்து 'ம்' சொல்வேன். உன் வாசிப்பில் தப்பித்தவறிக்கூட ஒரு பெயர் விடுபடாது. 'ம்' சொல்ல நான் தாமதித்தால் ஸ்கேலால் மேஜையைத் தட்டுவாய்.

அதற்கு அப்புறம் நடந்தது என் வேலை. இரண்டு முறை வந்த பெயர்களை எடுக்க வேண்டும். ஆனால் ஒரே பெண்ணின் பெயர் ஒரு தாளில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், சிலதில் புள்ளி இருக்கும், சிலதில் இருக்காது. நம் ஊரில் இனிஷியலை யார்தான் ஒரேமாதிரிப் போடுகிறார்கள்? எனக்கே கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவின் எழுத்து, பிறகு வீட்டுக்காரர் எழுத்து. வங்கிக் கணக்கில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று. இனிஷியல்தானே என்று நினைத்தேன். ஒற்றை எழுத்தாக நிற்பதையெல்லாம் தள்ளிவிட்டு, மீதிப் பெயரும் ஊரும் ஒன்றாக இருந்தால் அது ஒரே ஆள் என்று எழுதினேன். முதலில் வந்ததை வைத்துக்கொள், அடுத்து வந்ததை எடு. ஒரே வரிதான்.

கிள்ளையில் அம்மன் பெயர் இல்லாத வீடு உண்டா மெகர்? கே. பரமேஸ்வரி என்று ஒருத்தி, வி. பரமேஸ்வரி என்று ஒருத்தி. ஒரே பள்ளிக்கூடம், அடுத்தடுத்த தெரு. முதலில் வந்தவள் நின்றாள். அடுத்தவளை என் வரி எடுத்துவிட்டது. எடுத்த பிறகு வரிசை எண்ணையும் நான்தான் போட வைத்தேன், 001, 002 என்று மூன்று இலக்கத்தில், அழகாக, இடைவெளி இல்லாமல். ஒரு எண் விட்டுப்போயிருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். என் எண்கள் ஓட்டையை மூடிவிட்டன.

அன்று சாயங்காலம் வெப்சைட்டில் வந்த பட்டியலைப் பார்த்துவிட்டு நீ கேட்டது நினைவிருக்கிறதா? "விமலு, இத இன்னொரு வாட்டி தாள வச்சு வாசிச்சிரலாமா?"

"கம்ப்யூட்டர் பண்ணுனதுல என்ன தப்பு வரப்போவுது. கெளம்பு, பஸ் போயிடும்" என்றேன்.

நாம் ஒத்துப்பார்த்தது நீ அடித்ததை. என்னுடையதை யாருமே ஒத்துப்பார்க்கவில்லை. 

பத்து நாள் கழித்து வி. பரமேஸ்வரியின் அப்பா சென்டருக்கு வந்தார். நர்சிங் நிறுவனத்தில் தாளைப் பார்த்து இவள் பெயரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆள் வரவில்லை என்று பெயரை அடித்துவிட்டார்கள். இன்னொரு பரமேஸ்வரிதான் ஊருக்கு வந்து சொல்லியிருக்கிறாள். மனிதர் சத்தம் போடவில்லை. கைலியின் மேல் ஒரு வெள்ளைச் சட்டை, அன்றைக்கென்று போட்டு வந்தது. "எம்பொண்ணு பேரு எங்க சார் போச்சு?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே நின்றார்.

ஓனர் நம் பக்கம் திரும்பினார். "டைப் பண்ணுனது யாரு?"

"நாந்தான் சார்" என்றாய்.

"கண்ணு எங்கம்மா இருந்துச்சு?"

"அடிச்சாப்புலதான் சார் ஞாபகம். ஃபைலப் பாத்தா தெரிஞ்சிரும்" என்று என்னைப் பார்த்தாய்.

எனக்கு அந்த நேரத்தில் காரணம் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. ஆனால் அன்று சாயங்காலம் இன்னொரு வாட்டி வாசிக்கலாமா என்று நீ கேட்டது ஞாபகம் வந்தது. "அந்த ஃபைல் மேலயே புதுசு எழுதிட்டேன் சார், பழசு இல்ல" என்றேன். அது பொய். "அப்ப நாந்தான் சார் விட்டுருப்பேன்" என்று நீ ஒப்புக்கொண்டாய். மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும் ஃபைலைத் திறந்தேன். நாற்பத்திரண்டாவது வரி இருந்தது. என் வரியும் இருந்தது. இனிஷியலையும் சேர்த்து ஒப்பிடும்படி மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மாற்றினேன், ஃபைலைச் சிடியில் எழுதிக்கொண்டேன், கைகழுவிவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நீ சாப்பிடவில்லை.

ஏன் சொல்லவில்லை? கடலூரில் எனக்கு ஒரு நல்ல வேலைக்கு ஓனர் சிபாரிசு செய்வதாக இருந்தது. அது ஒரு காரணம். நீதான் ஒப்புக்கொண்டுவிட்டாயே என்பது இன்னொன்று. நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டு வாரம் ஓடியது. அதற்குள் நீயே வேலையை விட்டுவிட்டாய். "என் கண்ண நம்பி இன்னொரு புள்ள பேரு கெட வேணாம்" என்றாய். உன் கண்ணில் ஒரு குறையும் இல்லை மெகர்.

நீ அதோடு விட்டிருந்தால் நான் ஒருவேளை மறந்திருப்பேன். ஒவ்வொரு வருடமும் நோன்பு தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, உன் வீட்டுக்காரர் குவைத்திலிருந்து அனுப்பும் பேரீச்சம்பழத்தில் ஒரு பையைக் கட்டிக்கொண்டு கிள்ளைக்குப் போக ஆரம்பித்தாய். மன்னிப்புக் கேட்கத்தான். இரண்டாவது வருடம் துணைக்கு என்னையும் கூப்பிட்டாய். நானும் வந்தேன். எப்படி வந்தேன் என்று எனக்கே இன்று புரியவில்லை.

பரமேஸ்வரியின் அம்மா வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். நம்மைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "இந்தா பாரு, எம்பொண்ணு பேர முழுங்குனவங்க வந்துருக்காங்க" என்றார். பரமேஸ்வரி ஐஸ் கம்பெனியில் இறால் உரிக்கப் போயிருந்தாள். "நீங்க பழம் கொண்டாந்தா அந்த சீட்டு திரும்பி வந்துருமாம்மா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். இரண்டு டம்ளர் டீயோடு திரும்பி வந்தார். நான் டீயைக் குடித்தேன். நீ தலை குனிந்து, "என் கைத் தப்புதாங்க" என்றாய். நான் டம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் நீ சிரித்தாய். "பேர முழுங்குனவங்கன்னு பட்டம் வாங்கியாச்சு விமலு. செரிக்கத்தான் மாட்டேங்குது." அப்போது சொல்லியிருக்கலாம். உன் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. ஒரு வாக்கியம் போதும். நான் ஜன்னல் வழியாக உப்பங்கழியைப் பார்த்தேன்.

அடுத்தடுத்த வருடங்களில் அந்த அம்மா உன்னை உட்கார வைத்துப் பேசினார், நெத்திலிக் கருவாடு கட்டிக்கொடுத்தார் என்றெல்லாம் போனில் சொல்வாய். பரமேஸ்வரிக்குக் கல்யாணமாகி, பெண் குழந்தை பிறந்ததையும் நீதான் சொன்னாய். நான் மறுபடி வரவில்லை. ஏதாவது ஒரு வேலை இருந்தது என்றேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தபோது வாயைத் திறந்தேன். நீ முந்திக்கொண்டாய். "அந்தக் கிள்ளைப் புள்ளைக்கு இந்த வருஷம் யாரு போவா?" என்று கேட்டாய். நான் உன் கையைத் தடவிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அதை நீ என்னவென்று எடுத்துக்கொண்டாய்? நான் போவேன் என்றா?

நேற்று, என்னைச் சித்தி முறையில் சாச்சி என்று கூப்பிடும் உன் மகள் சபீனா போன் செய்தாள். குரல் உன் குரலேதான், அதிலும் அந்த இழுப்பு. "சாச்சி, உம்மா கிள்ளையில போவாங்களே, அந்த வூடு உங்களுக்குத் தெரியும்ல?"

"எதுக்கும்மா?"

"ஞாயித்துக்கெழம நான் போறேன். உம்மா செஞ்ச தப்பு உம்மாவோட முடிஞ்சிரிச்சின்னு விட முடியாதுல்ல. எனக்கு வழி மட்டும் காட்டுங்க சாச்சி, நான் பேசிக்கிறேன்."

அவளுக்கு இருபது வயது. காலேஜில் கடைசி வருடம். அந்த வாசலில் போய் நின்று, 'எங்க உம்மா கைத் தப்புதாங்க' என்று சொல்லப்போகிறாள். அவளுக்குப் பிறகு? அவள் பெண்ணும் போவாளா? நான் ஒரு வரியில் செய்ததை உன் வீடு தலைமுறையாகச் சுமக்க வேண்டுமா? ராத்திரி படுத்தேனே தவிர தூக்கம் வரவில்லை.

இப்போது நான் முடிவு செய்திருப்பது இதுதான். என் வீட்டுக்காரருக்குக்கூட இன்னும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் சபீனாவைச் சந்திக்கப் போகிறேன். கிள்ளை பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால், உட்கார வைத்து, எல்லாவற்றையும் அவளிடம் சொல்லப் போகிறேன், பொய்யையும் சேர்த்து. அவள் என் முகத்தில் விழிக்க விரும்பாவிட்டால் திருப்பி அனுப்பிவிட்டு நான் தனியாகப் போவேன். கூட வந்தால் என் பின்னால் நிற்கட்டும், பேச வேண்டாம். பரமேஸ்வரியும் அவள் அம்மாவும் இருக்கும்போது சொல்வேன்: "உங்க பொண்ணு பேர மெகர் சரியாத்தான் அடிச்சா. எடுத்தது நான். தெரிஞ்சும் மறைச்சது நான்." அவர்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். டீ கொடுக்காவிட்டாலும் சரி.

இனி அந்த வீட்டு வாசலில் உன் பெயர் தப்புக்காகச் சொல்லப்படாது. என் வாக்கு இது மெகர். நீ கேட்டபோது கொடுக்காமல் போனது.

உன் மகளுக்குச் சாச்சியாக இருக்கும் தகுதி எனக்கு உண்டா என்று ஞாயிற்றுக்கிழமை அவளிடமே கேட்கப்போகும்,
உன் தங்கை விமலா
கடலூர்