கோணல் ஏழு

அன்புள்ள அம்மாவுக்கு, சுதாராணி எழுதுவது. மூட்டுவலி தேவலையா? நான் நலம். திருப்பூர் வெயில்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

போட்டோ எடுக்க என்று எஸ்டேட் ரைட்டர் வாங்கிப்போன அப்பாவின் கால்பந்துச் சட்டை, எங்கள் தையல் கம்பெனி மேசையில் மாதிரியாகக் கிடந்தது. காப்பிச் சாக்கில் வெட்டி நீ தைத்த கோணல் ஏழுதான் அடையாளம். நம் எஸ்டேட் முதலாளியின் புது ரிசார்ட்டில் விற்க, அதேபோல் ஆர்டராம். உன் கோணலைக்கூட விடவில்லை. சட்டையில் தொங்கும் அட்டையிலோ, அப்பா அதைப் போட்டு ஆடிய வருஷக் கோப்பையை வென்றது முதலாளி மகன் என்றிருக்கிறது. பகலெல்லாம் காப்பிப் பழம் பறித்துவிட்டு வெறுங்காலில் ஆடியது அப்பாவும் லைன் வீட்டு ஆட்களும். அவன் மஞ்சக்குட்டை மைதானத்தில் ஜீப்பைவிட்டு இறங்கவே இல்லை என்பாயே.

பற்றிக்கொண்டு வந்தது. நான் தைத்த முதல் சட்டையின் முதுகில் ‘மாரிசாமி’ என்று போட்டேன்.

“இதாரு மாரிசாமி?” என்றார் சூப்பர்வைசர்.

“கோல் அடிச்சவருங்க.”

“பிரிச்சுப்போடு கண்ணு. இல்லீன்னா வேலை போயிரும்.”

பிரிக்கவில்லை, வேலை போய்விட்டது. பயப்படாதே, தைக்கத் தெரிந்தவளுக்கு இங்கே கம்பெனிக்கா பஞ்சம்?

பழைய சட்டையை எடுத்துவந்துவிட்டேன். பாவிகள் துவைத்துவிட்டார்கள், காப்பி வாசனையே இல்லை. நம் தூள் கொஞ்சம் அனுப்பு. ரைட்டர் கேட்டால், சட்டை மாரிசாமி மகளிடம் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளச் சொல்.

பஸ் வந்துவிட்டது.

சுதா