சம்பந்தி அம்மா வாங்கிக் கொடுத்த பாக்கெட்

மணலூர்பேட்டை

அன்பு மகள் செந்தமிழ்ச்செல்விக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் மகள் எழில்மதியும் சுகமாக இருக்கிறோம், குவைத்தில் நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசும்போது பிள்ளை பக்கத்திலேயே நிற்பதால் இதைக் காகிதத்தில் எழுதுகிறேன்.

ஒன்பது வயதாகியும் அவள் தூக்கத்தில் படுக்கையை நனைப்பது உனக்குத் தெரியும். டாக்டர், "திட்டாதீங்க, தானா நின்னுடும், அதுவரைக்கும் ராத்திரிக்கு டயாப்பர் போடுங்க" என்றார். மெடிக்கலில் கேட்டால் கடைக்காரர் எல்லார் எதிரிலும், "யாருக்குங்க, படுக்கையில கெடக்குறவங்களுக்கா" என்றார். வெட்கத்தில் ஆமாம் என்று சொல்லிப் பெரியவர்களுக்கானதை வாங்கி வந்துவிட்டேன். அது தொடையில் தளர்ந்து தினமும் ஒழுகியது. போன வாரம் சங்கராபுரத்தில் உன் மாமியார் வீட்டுக்கு ரெண்டு நாள் போய்வந்தாள். சம்பந்தி அம்மா டேப் வைத்து இடுப்பை அளந்து, எடை பார்த்து, ஜட்டி மாதிரி போட்டுக்கொள்கிற வகையில் அவள் அளவுக்கு ஒரு பாக்கெட் வாங்கி, வெளியே தெரியாதபடி துணிப்பையில் வைத்து அனுப்பியிருந்தார். வந்ததும் வராததுமாக, "அந்த ஆயா வூட்ல படுக்கை நனையவே இல்ல தாத்தா" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. வருஷம் முழுக்கத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்புகிறவன் நான், ரெண்டே நாளில் நல்ல பேர் வாங்கிக்கொண்டது அவர். உன்னிடம் மறைப்பானேன், அந்தப் பையைப் பரண்மேல் போட்டுவிட்டு, நான் வாங்கியதையே கட்டிக்கொள்ளச் சொன்னேன்.

காலையில் பார்த்தால் குழாயடியில் போர்வையைத் தானே அலசிக்கொண்டிருந்தாள். "இனிமே தண்ணி குடிக்காம படுத்துக்கறேன் தாத்தா" என்றாள். அப்போதே பையை இறக்கிக் கொடுத்துவிட்டேன். சம்பந்தி அம்மாவுக்குப் போன் செய்து சைஸ் கேட்டு எழுதிக்கொண்டேன். பழையது நழுவுகிறது என்று பிள்ளைதான் அவரிடம் சொன்னாளாம். "உங்க மாப்பிள்ளைக்கே பதினோரு வயசு வரைக்கும் இருந்துச்சுங்க" என்றார். இது நம் பக்கத்திலிருந்து வரவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். ஆனாலும் மனசு ஆறாமல், "பெருசா இருக்கு, நழுவுதுன்னு அவங்ககிட்ட சொல்லிருக்கியே, என்கிட்ட ஏன் சொல்லல" என்று பிள்ளையைக் கேட்டேன். "அந்த ஆயா இன்னா கஷ்டம்னு கேட்டாங்க. நீ கேக்கலியே தாத்தா" என்றாள்.

வீடியோவில் யார் எதிரிலும் இதைப் பற்றி அவளிடம் பேசாதே, மாப்பிள்ளையிடமும் நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. தெய்வம் உங்கள் ரெண்டு பேரையும் காப்பாற்றட்டும். உன் மாமியாருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிடு, எனக்கு இன்னும் வாய் வரமாட்டேன் என்கிறது.

உன் அப்பா,
சின்னக்கண்ணு