வெந்த மண் மக்காது

மாப்பிள்ளை,

இதெல்லாம் ஒருநாள் வரும் என்று முதன்முதலில் சொன்னவன் நான்தான். இன்று காலை நம் தெருவுக்குள் புதுக் குப்பை வண்டி வந்தது. காய்கறித் தோலுக்கு ஒரு தொட்டி, பிளாஸ்டிக்குக்கு ஒன்று, உடைந்த பீங்கானுக்கு என்றே தனியாக ஒன்று. அதில் யாரோ கப்பை எறிந்த சத்தத்தில் உன் ஞாபகம் வந்தது. "எல்லாம் என் யோசனை" என்றேன் வண்டிக்காரரிடம். நம்பிவிட்டார்.

தெருக்கோடியில் ஒரு குழி, அவ்வளவுதானே உன் திட்டம்? "லாரி வேணாம், டீசல் வேணாம், இங்கேயே உரமாயிடும். கம்மாபுரத்து விவசாயிங்க வந்து எடுத்துக்குவாங்க" என்று வீடு வீடாகக் கெஞ்சினாய். குப்பைக் கலெக்டர் என்று உனக்குப் பெயர் வைத்தேன். உன் பெயரைவிட அதுதான் நிலைத்தது.

என் சூளையில் பொம்மைகள் வெடித்துப்போன அன்று, கூடையோடு கொண்டுவந்து உன் குழியில் கவிழ்த்தேன். ஓடிவந்தாய்.

"அதுல போடாதீங்க மச்சான்! வெந்த மண்ணு மக்காது."

"மண்ணு மண்ணோட சேருது, உனக்கு என்னா நோவுது? எட்டாவது வரைக்கும் படிச்சவன் சொல்றேன், கேளு."

தெருவே சிரித்தது. எல்லாரும் பொம்மைப் பட்டறைக்காரர்கள், ஆளுக்கொரு கூடை கொண்டுவந்தார்கள்.

அந்த உரம் போட்ட வயலில் நடவுக்கு இறங்கிய பெண்களின் பாதங்களில் என் பொம்மைகளின் மூக்கும் காதும் ஏறின. கம்மாபுரத்துக்காரர்கள் மிச்ச உரத்தை டிராக்டரில் கொண்டுவந்து உன் வாசலில் கொட்டினார்கள். நீ குந்தியபடி சில்லு பொறுக்கியதை நாங்கள் டீ குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தோம்.

குழியை மூடிய பிறகு, உன் வீட்டுக்குப் பின்னாலிருந்த காலி மனையில் எல்லாரும் குப்பையைக் கொட்டிக் கொளுத்தினோம். உனக்கோ இழுப்பு. "ஊருக்கு உரம், உனக்குப் புகை" என்றேன். அதற்கும் நல்ல சிரிப்பு.

கடைசியில் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து, "நீங்க சொன்னதுதான் சரி மச்சான், நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றாய். காரியத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரிடமும் அதைச் சொன்னேன். உன் பெண்டாட்டி, என் தங்கை, கோபமில்லாமல்தான் போனாய் என்று அதைக்கொண்டே மனதைத் தேற்றிவருகிறாள்.

இன்று என் பட்டறைச் சில்லுகளை நானே சுமந்து வந்து அந்தத் தனித் தொட்டியில் போட்டேன். அவள் வாசலில் நின்று பார்த்தாள்.

"அண்ணே, அவரு வேற ஒண்ணும் சொல்லலியா?"

"இல்லம்மா, அவ்ளோதான்."

நீ அதுவும் சொல்லவில்லை, மாப்பிள்ளை. கையைப் பிடித்தது நான். நீ அதை உருவிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய்.