நம் வீட்டில் என்ன பேசுகிறோம்

மல்பெ,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ரவிராஜுக்கு அப்பா எழுதுவது. நான், மருமகள் ஹேமலதா, குழந்தை மான்வி மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், பஹ்ரைன் வெயிலில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். நம் வீட்டில் பேசுவது கன்னடம் என்று காது நிலையத்தில் நீ சொன்னது பொய். உன் மகளுக்கு நீ செய்த கெடுதல் அதுதான், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல வந்தால் "அப்பா, டூட்டில இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. லீவு முடிந்து நாளை அங்கே திரும்பும் பக்கத்து வீட்டு கணேஷிடம் கொடுத்து, உன் கையில்தான் சேர்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

மான்விக்குக் காது மெஷின் வந்த புதிதில் நிலையத்தில் அந்தக் கூட்டம் நடந்தது. ஹேமலதா நேரில் இருந்தாள், நீ போன் திரையில் இருந்தாய், பகல் முழுவதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற என்னை யாரும் கூப்பிடவில்லை. பேச்சுப் பயிற்சி தரும் பிரதிமா டீச்சர், வீட்டில் எந்த மொழியோ அதை மட்டும் எல்லோரும் பேசுங்கள், முதலில் அது ஊன்றட்டும், மற்றது பிறகு வரும் என்றாராம். நாம் பேசுவது துளு, நீ கன்னடம் என்றாய். பள்ளிக்கூட வாசலில் நம் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம், என் அப்பாவும் அதையேதான் சொன்னார், துளு வீட்டுக்கும் மீன் சந்தைக்கும் போதும் என்று நமக்கு ஒரு நினைப்பு. காது கேட்கிற நாங்கள் அந்தப் பொய்யோடு பிழைத்துக்கொண்டோம், மான்வியால் முடியுமா?

அன்றிலிருந்து அவளிடம் துளு பேசக் கூடாது என்று கட்டளை. பிள்ளையின் காது என்றதும் நானும் அடங்கினேன். நான் கன்னடம் கற்றது செய்தித்தாளைப் பார்த்து. அதில் பாங்க் மேனேஜரிடம் சண்டை போடலாம், கஞ்சி வேண்டாம் என்று ஓடுகிற நாலு வயதுப் பிள்ளையைக் கொஞ்சவும் முடியாது, திட்டவும் முடியாது. நான் வாயைத் திறந்தால் போலீஸ்காரர் வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல் பார்க்கிறாள். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சையே விட்டுவிட்டேன். மீன் கொண்டுவரும் கிரிஜா வாசலில் நின்றுகொண்டு "என்ன சேசண்ணா, மௌன விரதமா? எலெக்‌ஷன்ல கிலெக்‌ஷன்ல நிக்கப் போறீங்களா?" என்கிறாள். பிள்ளை பக்கத்தில் நிற்கிறாளே என்று அவளுக்குக்கூடப் பதில் சொல்ல முடியவில்லை. சொந்த வீட்டில் இப்படி வலையில் மாட்டிக் கிடக்கிறேன்.

பேச்சில்லாத வீட்டில் பிள்ளைக்கு மெஷின் எதற்கு? ஹேமலதா வேலைக்குக் கிளம்பியதும் மான்வி அதைக் கழற்றி அரிசி டப்பாவில் போட்டுவிடுகிறாள், நான் மாட்டிவிட்டால் மறுபடி கழற்றுகிறாள். கம்ப்யூட்டரில் சேர்த்தால் அது எவ்வளவு நேரம் காதில் இருந்தது என்று தெரிந்துவிடுமாம். போன வாரம் அதைப் பார்த்துவிட்டு "வீட்ல யாரும் ஒத்துழைக்கிறதில்லையேம்மா" என்று டீச்சர் ஹேமலதாவைக் கேட்டிருக்கிறார். இப்படியே போனால் ஜூனில் பள்ளி வேண்டாம், அவள் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு மைசூரில் உள்ள பெரிய காது நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கிப் பயிற்சி கொடுக்கட்டும் என்று பேச்சு. வரும் வியாழக்கிழமை கூட்டத்தில் முடிவு செய்கிறார்கள்.

பேசினாலும் குற்றம், பேசாவிட்டாலும் குற்றம் என்றால் நான் என்னதான் செய்வது? நேற்று பிள்ளையை ஹேமலதாவிடம் விட்டுவிட்டு நானே பஸ் ஏறி நிலையத்துக்குப் போனேன். வாசலில் இருந்த பெண் "அஜ்ஜா, அம்மா வந்தா போதும், நீங்க வெளிய உக்காருங்க" என்றாள். "பகல் பூரா பிள்ளை என்கிட்டதானம்மா இருக்கு" என்று நகராமல் நின்றேன். சத்தம் கேட்டு டீச்சரே வந்தார். கன்னடத்தில் ஆரம்பித்த நான் கோபத்தில் துளுவுக்குப் போய்விட்டேன். அவர் அப்படியே நின்று கேட்டுவிட்டு, "அஜ்ஜா, வீட்ல இப்படியா பேசுவீங்க? அப்புறம் ஏன் கன்னடம்னு சொன்னாங்க?" என்றார். நானும் விடவில்லை. "கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன்கிட்ட கேட்டீங்களே, ஒரு நாள் எங்க அடுப்பங்கரையில வந்து கேட்டீங்களா?" என்றேன். கேட்டிருக்க வேண்டும், தப்புதான் என்று ஒப்புக்கொண்டார். துளுவே பேசலாமாம். ஆனால் எல்லோரும் சேர்ந்து மாற வேண்டும், ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் பிள்ளையிடம் எதுவும் ஊன்றாது, பிள்ளையின் அப்பா நீயும் சம்மதிக்க வேண்டும் என்கிறார். ஹேமலதாவிடம் சொன்னால் "நான் சொன்னா அவர் கோவிச்சுக்குவார் மாமா, துளு பேசினா நாளைக்கு இங்கிலீஷ் எப்படி வரும்பார்" என்று அழுகிறாள். எங்கள் எல்லோர் வாயும் உன் ஒரு சொல்லில் கட்டிக் கிடக்கிறது.

அம்மன் உன்னைக் காப்பாற்றட்டும், கை நிறைய வேலையும் வயிறு நிறையச் சோறும் கிடைக்கட்டும். இனி நடக்க வேண்டியதைக் கேள். வியாழனுக்கு முன்பே நீ பிரதிமா டீச்சரைக் கூப்பிட்டு, வீட்டில் துளுதான் என்று உன் வாயால் சொல்ல வேண்டும், இங்கிலீஷ் பற்றிய கவலையை அவரிடமே கேள். அன்றே ஹேமலதாவிடமும் பேசு, அவள் பயமில்லாமல் தன் மொழியில் பிள்ளையைத் தூங்கவைக்கட்டும். டீச்சர் ஒரு காலை நம் வீட்டுக்கு வந்து நாங்கள் மான்வியோடு எப்படி இருக்கிறோம் என்று பார்க்க வேண்டும், வருகிறேன் என்றிருக்கிறார், வராவிட்டால் நான் போய் அழைத்து வருவேன். கூட்டத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும், அதை நீதான் சொல்ல வேண்டும். என் வேலை, நீ சொன்ன மறுநிமிடம் மெஷினை அவள் காதில் மாட்டிவிட்டுப் பேசத் தொடங்குவது. அதுவரை வாயைத் திறக்க மாட்டேன்.

உன் அப்பா,
சேசப்ப குந்தர்