சந்தனம் வைத்த இடம்

ஸ்கெலட்டன் குடியிருப்பு,
கோலார் தங்கவயல்.
9 நவம்பர் 2025

என் அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய துணைவருக்குப் பாக்கியவதி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கு நலம். அங்கு மலையில் பனி விழத் தொடங்கிவிட்டதாக டேவிட் தம்பி சொன்னார். விடுப்பு முடிந்து புதன்கிழமை அவர் தங்கள் சுரங்கப் பாதை வேலைக்கே திரும்புவதால், இக்கடிதத்தை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். தொலைபேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று தாங்கள் கேட்கக்கூடும். தொலைபேசியில் நான் சொல்வது பல வேளைகளில் நான் எண்ணியதாக இருப்பதில்லை. சென்ற ஞாயிறன்று, எலெக்ட்ரிக் பைக்கின் பேட்டரி போய்விட்டதாம் என்று நான் சொன்னதும், "அப்போ பொங்கலுக்கு நான் வர்ல. லீவு எடுக்காதவங்களுக்குத் தனியா துட்டு தர்றாங்க, அதுல புது பேட்டரி வாங்கிடு" என்றீர்கள். நானும் "சரிங்க" என்று சொல்லிவிட்டேன். எனக்கு அது சரியாகப் படவில்லை.

பேட்டரி போகவில்லை. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

நடந்ததைத் தாங்கள் முழுமையாக அறிய வேண்டும். ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரத்திற்குள் வண்டியில் சோர்வு தெரிந்தது. சமதரையில் குறையொன்றும் இல்லை. கோரமண்டல் ஸ்டேஷனுக்குப் போகும் ஏற்றத்தில் மட்டும், பக்கத்து வீட்டுப் பிலோமினா பின்னால் அமர்ந்திருக்கையில், வேகம் தளர்ந்து, விளக்கும் அணைந்து நின்றுவிடும். பத்து நிமிடம் கழித்துத் தானே உயிர் பெறும். அதற்குள் பெங்களூர் ரயில் போயிருக்கும். இரண்டு முறை தையல் ஆலையில் அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்தேன். இரண்டாம் முறை பிலோமினா வண்டியிலிருந்து இறங்கி நின்று, "இன்னா பாக்கியம், இதுவும் உங்க வீட்டுக்காரர் மாதிரி பாதி வழியில உட்டுட்டுப் போவுதே" என்றாள். வேடிக்கைக்குத்தான் சொன்னாள். நான் அவளைத் திரும்பிப் பாராமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

ராபர்ட்சன்பேட்டையில் வண்டியை விற்ற கடைக்காரரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், பேட்டரியை மாற்றுவதே வழி என்றார். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான் என்பது அவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நானே கற்றுக்கொண்டவையும் அவருக்குத் தெரியாது. வண்டியோடு வந்த ஆங்கிலக் கையேட்டை அகராதியின் துணையோடு நான்கு நாள்கள் வாசித்தேன். சக்கரத்தில் காற்று போதுமான அளவு இருந்தது. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுழற்றினேன். பிரேக் எங்கும் உரசவில்லை. பிரேக் பிடியில் உள்ள சிறு சுவிட்ச் சிக்கிக்கொண்டாலும் மோட்டார் நின்றுவிடுமாம். அதுவும் ஒழுங்காகவே இருந்தது. மின்விசிறி பழுது பார்க்கும் வால்டர் அண்ணனிடம் மீட்டரை இரவல் வாங்கிப் பேட்டரியையும் சோதித்தேன். நிறைவாகச் சார்ஜ் ஆன பேட்டரி காட்ட வேண்டிய அளவைக் காட்டியது. இதற்கு மேல் கையேட்டில் பக்கம் இல்லை.

மீட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வால்டர் அண்ணன் ஒன்று சொன்னார். "மீட்டரை உடும்மா. கரண்ட் எங்க போவ முடியாம முட்டுதோ, அங்கதான் சூடு ஏறும். மேடு ஏறி நின்னதும் கைய வெச்சுப் பாரு." மறுநாள் ஏற்றத்தில் வண்டி நின்றதும் இருக்கையைத் தூக்கிக் கையை வைத்தேன். பேட்டரி குளிர்ந்திருந்தது. கம்பிகளும் குளிர்ந்திருந்தன. பேட்டரியின் வாய் வண்டியோடு பொருந்தும் இடம் மட்டும் விரல் வைக்க இயலாத அளவு கொதித்தது.

வீட்டிற்கு வந்து ஆறவிட்டுப் பேட்டரியைக் கழற்றிப் பார்த்தேன். அந்த வாயில் உள்ள பித்தளை முனைகளுக்கு இடையே சந்தனம் காய்ந்து படிந்திருந்தது. குங்குமத்தின் சிவப்பும் மாறாமல் இருந்தது. வைத்தவள் நான். சார்ஜ் செய்யும் துளை வேறிடத்தில் இருப்பதால் அங்கு ஒரு குறையும் தெரியவில்லை.

கெட்டுப்போகும் பேட்டரியைத் தலையில் கட்டிய குற்றம் கடைக்காரருடையது என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். ஆகவே இதை எழுத என் கை தயங்குகிறது. ஆயினும் தங்களிடம் மறைக்க மாட்டேன். திருமணமாகிப் பதினொரு ஆண்டுகள் ஒவ்வோர் ஆயுத பூஜையிலும் தாங்கள் குனிந்து கருவிகளுக்குச் சந்தனம் வைப்பீர்கள். நான் கற்பூரத் தட்டோடு பின்னால் நிற்பேன். இவ்வாண்டு கிண்ணத்தைக் கையில் எடுத்த பின்பு, தாங்கள் எங்கெங்கே வைப்பீர்கள் என்று எண்ணிப் பார்த்தேன். தங்கள் முதுகும், சட்டையில் படிந்த ஈரமும் நினைவுக்கு வந்தன. விரல் தொட்ட இடம் நினைவுக்கு வரவில்லை. வண்டிக்கு உயிர் எதுவோ அங்கு வைப்பதே முறை என்று நானே முடிவு செய்து, பேட்டரியைக் கழற்றி அதன் வாயில் மூன்று பொட்டு வைத்தேன்.

பழைய பல்துலக்கியால் அந்த முனைகளைச் சுத்தம் செய்தேன். கருகியிருந்த ஒரு முனையை வால்டர் அண்ணன் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தார். நேற்று மாலை பிலோமினாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அதே ஏற்றத்தில் மும்முறை போய் வந்தேன். எங்கும் நிற்கவில்லை. இறங்கிக் கை வைத்துப் பார்த்தேன், சூடும் இல்லை. கடைக்காரர் மீது நான் சுமத்திய பழியையும் பிலோமினாவிடமே திருத்திச் சொல்லிவிட்டேன். அவள் சொன்னால் தெரு முழுவதும் சொன்னதாகும்.

சமையலறைக் கூரையின் தகரத்தை மாற்றியாயிற்று. குழாய்த் தண்ணீர் முன்போலவே நினைத்தால் வருகிறது. தாங்கள் மெலிந்துவிட்டதாக டேவிட் தம்பி வாய் தவறிச் சொன்னார். பிறகு, அங்கே எல்லோருமே அப்படித்தான் என்று சமாளித்தார். கம்பளிச் சட்டையொன்று தைத்து அவரிடம் கொடுத்திருக்கிறேன். அளவு பழைய அளவு. பெரிதாக இருந்தால் பெரிதாகவே உடுத்திக்கொள்ளுங்கள்.

பொங்கல் விடுப்புப் பட்டியலை இம்மாதம் இருபதாம் தேதி முடிப்பார்கள் என்றும் அவர்தான் சொன்னார். புதன்கிழமை புறப்படுகிறவர் அதற்குள் தங்களிடம் வந்து சேர்வார். நாள்களை எண்ணிப் பார்த்தேன்.

புது பேட்டரிக்கு இனித் தேவை இல்லை. ஆகையால் அதைக் காரணமாகச் சொல்லித் தாங்கள் வராதிருக்க வேண்டியதில்லை. வேறு காரணம் உண்டெனில், அது எதுவாயினும் எழுதுங்கள். வாசித்துத் தாங்கும் திடம் எனக்கு உண்டு. காரணம் ஒன்றும் இல்லையெனில், டேவிட் தம்பி எதிரே நிற்கும்போதே பட்டியலில் தங்கள் பெயரைக் கொடுத்துவிடுங்கள். கொடுத்தாயிற்று என்று எனக்கு ஒரு வரி அனுப்பும்படி அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மலைக்குள் நுழையும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் குலதெய்வம் தங்கள் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும். பூஜைத் தட்டை ஏந்திப் பின்னால் நிற்பதற்கு மட்டுமே நான் பழகியிருக்கிறேன். வாருங்கள்.

என்றும் தங்கள்,
பாக்கியவதி சுந்தரராஜ்