பனிப் படத்துக்குப் பின்னால் நின்ற செய்தி

பதுளை
29.12.2003

அன்பு மகள் வதனிக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் உடம்புக்குப் பெரிதாக ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீயாவது அந்தக் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு, நித்திரை கொண்டு, சுகமாக இருக்க வேண்டும் என்று அம்மா பிள்ளையாரிடம் கேட்டபடி இருக்கிறாள். உன் ஈமெயில்கள் எல்லாம் கிடைத்தன. பதுளை றேடியோ ஸ்டேசன் ஏன் மூடிக் கிடக்கிறது, மழைக்கு அன்ரெனா விழுந்துவிட்டதோ என்று கேட்டிருந்தாய். விழவில்லை. நான்தான் நிறுத்தினேன். அவற்றை வாசித்த பிறகு கொம்பியூட்டரையும் துணியால் மூடிவிட்டேன், அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். இது எப்போது உன் கைக்கு வருமோ தெரியாது, தெமோதரைக்கு அங்கால் மண் விழுந்து ரயில் இன்னும் ஒழுங்காக ஓடவில்லை. அம்மாவுக்குப் பிரஷர் கூடித்தான் இருக்கிறது, குளிசை போடுகிறாள், உப்பைக் குறை என்றால் கேட்கிறாளில்லை. ஹாலிஎல மாமி வீட்டுப் பின்சுவரும் இடிந்துவிட்டது, ஆளுக்கு ஒன்றுமில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன், அம்மாவும் வாசிப்பேன் என்று நிற்கிறாள், அவளுக்கும் விளங்க வேண்டும். எழுத்தைச் சத்தமாக்கி றேடியோவில் அனுப்பினால், மற்றப் பக்கத்தில் கொம்பியூட்டர் அதைத் திரும்ப எழுத்தாக்கும், பக்கற் றேடியோ என்பது இவ்வளவுதான். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், அதை நடத்துகிற துரையின் கந்தோரில் மட்டும்தான் போன், மழை பெய்தால் அதுவும் செத்துவிடும். அதற்காகத்தான் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் புவனேந்திரனைப் பிடித்துப் பாடம் சொல்லி, சோதனை எழுத வைத்து, லைசென்சும் எடுத்துக் கொடுத்து, பள்ளிக்கூடத்தில் ஒரு றேடியோ செட்டும் பழைய கொம்பியூட்டரும் கார் பற்றரியும் வைத்தேன். பின்னேரமானால் மழை அளவை அனுப்புவான், நான் பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் நீ, அப்பா உங்கட வலையையும் எங்கட வலையையும் இன்ரநெற்றால் இணைப்போம் என்றாய். இணைத்தோம். மடுல்சீமைச் செய்தி நோர்வேயில் வந்து விழுந்த அன்று நான் எவ்வளவு துள்ளினேன் என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவாள். ஆனால் நாம் செய்தது என்ன தெரியுமோ? பெரிய ரோட்டில் வருகிற வாகனம் எல்லாவற்றையும் பசறைக்கு அப்பால் ஒரு லொறி பின்னுக்குப் போனால்தான் மற்ற லொறி வரக்கூடிய அந்த வளைவுக்குள் கொண்டுபோய் விட்டோம். இன்ரநெற்றில் நிமிடத்தில் வந்து இறங்குவது றேடியோவில் போய்ச் சேர மணித்தியாலக் கணக்கு எடுக்கும். இதை நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். பார்த்தேன், பரவாயில்லை, அவசரமில்லாத செய்திதானே என்று விட்டேன்.

போன மாதம் புவனேந்திரன் உனக்கு எழுதியிருந்தான், அக்கா, எங்க பிள்ளைங்க பனி பார்க்கணும்னு சொல்றாங்க, ஒரு படம் அனுப்புவீங்களா என்று. நீ அனுப்பினாய். படத்தைத் துண்டு துண்டாக வெட்டி எழுத்தாக்கி அனுப்பியிருந்தாய். அது மண் விழுந்த அந்தச் சனிக்கிழமை காலமை என்னிடம் வந்து இறங்கியது. சாப்பாட்டுக்குப் பிறகு தோட்டத்துக்குப் போகத் தொடங்கியது. வெளியே நல்ல மழை. நான் செட்டுக்கு முன்னால்தான் இருந்தேன். அதன் லைட் விடாமல் மின்னிக்கொண்டிருந்தது, துண்டுகள் ஒவ்வொன்றாகப் பிழையில்லாமல் போகின்றன, இணைப்பு எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். செட் போடுகிற அந்தச் சத்தம் கேட்டால் அம்மாவுக்கு நீ வந்தது மாதிரி. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, உங்கட மகள் இண்டைக்கு வாய் மூடுறாளில்லை, ஆரைப் போல வந்தவள் எண்டு தெரியேல்லை என்று பகிடி விட்டாள். நானும் சிரித்தேன்.

அந்த நேரத்தில் தோட்டத்தின் மேல் பிரிவில், ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடான மேற்கணக்கு லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்திருந்ததைக் கணபதிக் கங்காணி கண்டிருக்கிறார். மலையிலிருந்து பீலியில் வருகிற குடிதண்ணீர் சேறாக வந்திருக்கிறது. இறங்குங்க என்று புவனேந்திரன் லயம் லயமாகப் போய்ச் சொல்லியிருக்கிறான். ஒருவரும் அசையவில்லை. துரையின் சொல் இல்லாமல் லயத்தை விட்டு இறங்கியவர்களைப் போன வருடம் காலமை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் நிறுத்திப் பேசியதும், அடுத்த நாள் வேலைக்குப் பேர் போடாமல் விட்டதும் அவர்களுக்கு மறக்கவில்லை. துரை அன்று பதுளையில் ஒரு கூட்டத்துக்கு வந்திருந்தார், கந்தோர்ப் போனும் மழைக்குச் செத்திருந்தது. அவருடைய கைத்தொலைபேசி நம்பர் என் மேசையிலேயே இருந்தது. அது புவனேந்திரனுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு ஓடிப்போய், லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்திருக்கிறது, துரையிடம் கேட்டு ஆட்களை இறங்கச் சொல்லுங்க, அவசரம் என்று கொம்பியூட்டரில் அடித்தான். அவன் செய்தி வரிசையில் நின்றது. படம் வந்து முடிந்தால்தான் அதற்கு முறை.

அவன் இணைப்பை அறுத்துவிட்டுத் தன் செய்தியை முதலில் அனுப்பியிருக்கலாம். ஒரு விசை. ஆனால் மற்றவன் அனுப்பிக்கொண்டிருக்கும்போது குறுக்கிடாதே, காத்திரு, அதுதான் றேடியோக்காரனின் மரியாதை என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஒருதரம் இடையில் அறுத்ததற்கு வாயில் வந்தபடி ஏசியும் இருக்கிறேன். மைக்கும் நான் கொடுக்கவில்லை, கதைத்தால் பிழைக்கும், எழுத்துப் பிழைக்காது என்று பெரிய நியாயம் சொன்னேன். அவன் காத்திருந்தான். நல்ல மாணவன்.

படம் முடிந்த கையோடு அவன் செய்தி வந்தது. வாசித்ததும் துரைக்குப் போன் அடித்தேன், முதல் மணியிலேயே எடுத்தார், கேட்டதும், ஐயோ உடனே இறங்கச் சொல்லுங்கோ, என் பேரைச் சொல்லிச் சொல்லுங்கோ என்று கத்தினார். அதை அடித்து அனுப்பினேன். கிடைத்தது என்று அந்த மெஷின் பதில் தந்தது. மெஷினுக்கு முன்னால்தான் ஒருவருமில்லை. அதற்கு முன்பே லயத்தின் மேல் மலை இறங்கிவிட்டது, புவனேந்திரன் மண்ணைத் தோண்ட ஓடியிருந்தான். அவனுடைய தாய் இராக்கம்மா அந்த மண்ணுக்குள். அந்த மனுசி எனக்கு ரொட்டி சுட்டுத் தந்தது. இன்னும் ஆட்கள். பிள்ளைகளும். பெயர்களை எழுத என்னால் ஏலாது.

பாதை திறந்ததும் போனேன். கணபதிக் கங்காணி என்னைக் கண்டதும் கும்பிட்டார். ஒரு வார்த்த வந்திருந்தா எறங்கியிருப்போம்ங்கய்யா, ஒரே ஒரு வார்த்த என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். புவனேந்திரன் செட்டையும் வயரையும் ஒழுங்காகச் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தான். இத நீங்களே கொண்டுபோயிருங்க சார், ஒங்க மேல ஒண்ணும் இல்ல, இந்தச் சத்தத்த இனிமே என்னால கேக்க முடியாது என்றான். நான் வெளிக்கிடும்போது பின்னால் வந்து, அக்காகிட்ட படத்தப் பத்திச் சொல்லிறாதீங்க சார், பிள்ளைங்க கேட்டதத்தானே அனுப்பினாங்க என்றான்.

அவன் சொன்னதைக் கேட்கத்தான் நினைத்தேன். அம்மாவும் சொல்லாதையுங்கோ என்று காலைப் பிடிக்காத குறை. ஆனால் உன் கடைசி ஈமெயிலில், பாரம் கூடித்தான் நிறுத்தினீர்களோ, பெரிய செய்திகளைத் தடுக்க ஒரு புரோகிராம் எழுதிவிட்டேன், பதுளையைத் திரும்பத் திறவுங்கோ, எங்கட றேடியோ கிளப் இதே மாதிரி நேபாளத்து மலைக் கிராமங்களையும் இணைக்கப் போகிறது, பதுளையைத்தான் எல்லோருக்கும் உதாரணமாகக் காட்டப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். பிள்ளை, அதற்குப் பிறகு நான் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது? உன் புரோகிராம் நல்லதாகத்தான் இருக்கும். அது படத்தைத் தடுக்கும். துரை சொல்லாமல் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளப் பயப்படுகிற சனத்துக்கு அதில் என்ன இருக்கிறது? நான் வயர் இழுத்தேன், நீ இணைத்தாய், இரண்டு பேரும் அந்தச் சனத்திடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. கிளப்பில் பதுளையைக் காட்டுவதானால் இதையும் சேர்த்துக் காட்டு. இல்லாவிட்டால் காட்டாதே. நான் திரும்பத் திறக்கப் போவதில்லை. அதைக் கேட்டு எழுதாதே.

உன்னில் பிழை என்று நான் சொல்லவில்லை. பிழை இல்லை என்று எழுதி உன்னைத் தேற்றவும் எனக்கு வரவில்லை. சாப்பிடாமல் கிடந்துவிடாதே, அம்மா அதற்குத்தான் பயப்படுகிறாள். காதை மூடிக்கொண்டு வெளியே போ, இரும்புக் குளிசையை விடாதே. புவனேந்திரனுக்கு ஏதும் எழுதுவதானால் கையால் எழுதித் தபாலில் போடு, அதை மறந்துவிடாதே. பிள்ளையாரப்பா உன்னைக் காக்கட்டும் என்று எழுதச் சொல்லி அம்மா பக்கத்தில் நிற்கிறாள், எழுதிவிட்டேன், எனக்கும் அதுதான் வேண்டுதல்.

இன்னொன்று. பெட்டியைக் கட்ட முதல் புவனேந்திரன் அந்தக் கொம்பியூட்டரை ஒருதரம் போட்டுக் காட்டினான். நீ சிவப்புக் கோட்டோடு பனிக்குள் நிற்கிறாய், கையில் மட்டையில் 'வணக்கம் பிள்ளைகளே' என்று எழுதிப் பிடித்திருக்கிறாய். முழுப்படமும் வந்திருக்கிறது. ஒரு துண்டுகூடப் பழுதில்லை.

வழக்கமாகப் பெயருக்குக் கீழே போடுகிற றேடியோ அழைப்புக்குறியை இனிப் போடமாட்டேன்.

அப்பா
ஸ்ரீஸ்கந்தராஜா